பத்து விநாடிக்குள் துண்டிக்கவும்

வேதவல்லி யாருக்குப் போன் செய்தாலும், அவள் வாய் திறப்பதற்குள் எதிர்முனையில் வேறொருத்தி பேசிவிடுவாள்.

"வணக்கம். உங்களை அழைப்பவர் அரவணைப்பு வளையத்தில் இருப்பவர். எளிதில் ஏமாறக்கூடியவர். இவரிடம் பொறுமையாகவும் நேர்மையாகவும் பேசுங்கள்."

தேனில் குழைத்த குரல். அது பேசி முடித்த பிறகுதான் ஆள் லைனுக்கு வருவார். காந்தி மார்க்கெட் காய்கறிக் கடைக்காரர் முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தார். "சொல்லுங்கம்மா, இன்னிக்கு நேர்மையாவே பேசிடுறேன். கத்திரிக்கா பாதி சொத்தை. அனுப்பவா, வேணாமா?"

வேதவல்லிக்கு ஐம்பத்து மூன்று வயது. திருச்சி புத்தூர் நாலு ரோட்டுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாகப் பெண்கள் விடுதி நடத்துகிறாள். முப்பத்தெட்டுப் பெண்கள். எவள் சாப்பிடாமல் படுத்தாள், எவள் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேறெங்கோ போகிறாள் என்பதெல்லாம் செருப்பு கழற்றும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவளை ஏமாளி என்று ஊருக்கே அறிவித்தால் எப்படி இருக்கும்?

எல்லாம் 'காப்பு' வந்த பிறகு ஆரம்பித்த கூத்து. போனில் திருட்டுக் கும்பல்களின் தொல்லை பெருத்துப்போய், மகன் குரலில் மகன் மாதிரியே அழுது காசு பிடுங்குகிற காலம் வந்தபோது, எல்லா செல்போன்களிலும் காப்பு என்ற காவல் நிரல் கட்டாயமானது. அது நல்லதுதான். வேதவல்லியே வரவேற்றாள். ஆனால் அது திருடர்களைக் கண்டுபிடிப்பதோடு நிற்கவில்லை. திருடர்களிடம் யார் சிக்குவார்கள் என்றும் கணக்குப் போட ஆரம்பித்தது. அப்படிச் சிக்குவார்கள் என்று அது நினைத்தவர்களின் பட்டியலுக்குத்தான் அரவணைப்பு வளையம் என்று பெயர்.

அறிவிப்பு வந்த இரண்டாம் வாரத்தில் இரண்டு அப்பாக்கள் மகள்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். துறையூர்க்காரர் மூஞ்சிக்கு நேராகவே சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே ஏமாறுவீங்கன்னு அரசாங்கமே சொல்லுது. உங்களை நம்பி வயசுப் பொண்ணை எப்படிங்க விடுறது?"

அன்றைக்கே வேதவல்லி கண்டோன்மென்ட்டில் இருந்த காப்பு சேவை மையத்துக்குப் போனாள். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். உள்ளே சகாயராஜ் என்ற அதிகாரி இருந்தார். நாற்பது வயது இருக்கும். காலையிலிருந்து திட்டு வாங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது.

"நான் எதுல சார் ஏமாந்தேன்? அஞ்சு பைசா போயிருக்கா?"

"போகலம்மா. போயிடக்கூடாதுன்னுதான் முன்னாடியே வளையத்துல சேர்க்குறோம்." அவர் திரையைத் திருப்பினார். "தர்பூசணியில ஊசி போடுறாங்கன்னு ஒரு மெசேஜை விடுதி குரூப்ல அனுப்பியிருக்கீங்க."

"பொண்ணுங்க ரோட்டுல வாங்கித் தின்னக்கூடாதுன்னு அனுப்பினேன். சரி, அது என் தப்பு."

"பாதி விலைக்குப் பட்டுப்புடவைன்னு ஒரு லிங்க்கைத் தொட்டிருக்கீங்க."

"தொட்டேன். வாங்குனேனா?"

"இதுதான் பெரிய பாயிண்ட். முன்பின் தெரியாத நபர்கிட்ட பதினோரு நிமிஷம் பேசியிருக்கீங்க."

வேதவல்லிக்கு நினைவு வந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, மாட்டு டாக்டருக்குப் போட்ட போன் அவளுக்கு வந்துவிட்டது. மாடு கன்று ஈன முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. அவர் அழாத குறை. அவரை லைனிலேயே வைத்துக்கொண்டு சமையல்காரி பாப்பாத்தியின் போனில் நாலு பேரை விசாரித்து, சரியான டாக்டர் நம்பரைப் பிடித்துக் கொடுத்தாள்.

"கன்னுக்குட்டி பொழச்சுதாம்மா?" என்று சகாயராஜ் தன்னை மறந்து கேட்டார்.

"பொழச்சுது. மறுநாள் கூப்பிட்டுச் சொன்னாரு."

"அதுவும் இங்க ஏறியிருக்கு. 'அதே அந்நியருடன் இரண்டாம் தொடர்பு.'"

வேதவல்லி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒருத்தர் சொல்றதைக் காது குடுத்துக் கேட்டா அது நோயா சார்?"

"நான் சொல்லலம்மா, கணக்கு சொல்லுது. பொறுமையாக் கேட்குறவங்கதான் அதிகமா ஏமாறுறாங்க. அதை யாராலயும் மறுக்க முடியாது." சகாயராஜ் குரலைத் தணித்துக்கொண்டார். "வெளிய வர ஒரு வழி இருக்கு. முப்பது நாள் சோதனை. நாங்களே போலி அழைப்பு அனுப்புவோம். எப்போ வரும், யார் குரல்ல வரும்னு சொல்ல மாட்டோம். பத்து விநாடிக்குள்ள சிவப்புப் பட்டனை அமுக்கித் துண்டிக்கணும். ஒண்ணுல தவறினாலும் முதல்லேருந்து ஆரம்பம்."

"யார் குரல்லன்னா?"

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க குரல்லயே வரும்."

"அவங்ககிட்ட கேட்டுட்டா எடுக்குறீங்க?"

"காப்பு ஏத்தும்போது எல்லாரும் 'சம்மதம்'னு அமுக்கியிருக்காங்களேம்மா. நீங்களும்தான்."

"பேசுறது நிஜ ஆளான்னு ரெண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாமா?"

"கேள்வி கேட்டாலே பேச்சு வளர்த்ததா ஆயிடும். வளர்த்தா ஃபெயில். நிஜ ஆளா இருந்தா திரும்பக் கூப்பிடாமலா போயிடுவாங்க?"

வேறு வழியில்லை. வேதவல்லி சோதனைக்குக் கைரேகை வைத்தாள்.

முதலில் வந்தவை சுலபமானவை. வங்கி மேனேஜர் என்று ஒருவன், பார்சலில் போதைப்பொருள் என்று ஒருவன். இதிலெல்லாம் அவள் எந்தக் காலத்திலும் ஏமாந்தவள் இல்லை. ஒவ்வொன்றையும் துண்டித்துவிட்டுச் சமையலறை தினசரிக் காலண்டரில் அந்தத் தேதித் தாளில் ஒரு கோடு கிழித்தாள். கிழித்த தாள்களைப் பாப்பாத்தி அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் சேர்த்து வைத்தாள்.

ஆறாம் நாள் தம்பி குரல் வந்தது. "அக்கா, அவினாசி ரோட்டுல வண்டி மோதிருச்சு, இவளுக்குத் தலையில அடி..." வேதவல்லியின் விரல் பட்டனுக்கு மேலேயே தயங்கி நின்றது. எட்டாவது விநாடியில் அமுக்கிவிட்டாள். உடனே தம்பிக்குப் போட்டாள். பொறுமையாகவும் நேர்மையாகவும் பேசச் சொல்லிப் பெண்குரல் முடிப்பதற்குள் உயிர் போய் வந்தது. தம்பி ஏதோ கல்யாணப் பந்தியில் இருந்தான். "என்னக்கா, பாயசம் ஊத்துற நேரத்துல?" என்றான்.

பத்தாம் நாள் இருபதாம் நம்பர் அறை உமையாள். காலேஜில் மயங்கி விழுந்துவிட்டதாக அழுதாள். அமுக்கிவிட்டு மாடிக்கு ஓடினால், உமையாள் தலைக்குக் குளித்து ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

போகப் போகக் கை பழகிவிட்டது. எட்டு விநாடி ஆறானது, ஆறு நாலானது. அழுகிற குரல் கேட்டாலே கட்டைவிரல் தானாகச் சிவப்புக்குப் போயிற்று. போனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு பெண் வயிற்றுவலி என்று வந்து நின்றால், "சரி, மாத்திரை போட்டுக்க" என்று பாதியிலேயே திரும்பி நடந்தாள்.

பாப்பாத்திதான் வாய்விட்டுச் சொன்னாள். "நான் என்னக்கா பாவம் பண்ணேன்? உப்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்ல வந்தா, 'உப்'புங்குறதுக்குள்ள காணாமப் போயிடுறீங்க. என்னையும் சோதனைன்னு நெனச்சுட்டீங்களா?"

"இன்னும் ஏழே நாள் பாப்பாத்தி. பல்லைக் கடிச்சுக்க."

"நான் கடிச்சுக்குறேன். கொழம்புக்கு உப்பு வேணும்ல?"

அது இருபத்து மூன்றாம் நாள். அன்று மூன்று மணிக்கு வேதவல்லி ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் ஜெசிந்தாக்கா. இது புது நம்பரு. கொளந்தையத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். உங்ககிட்ட வரட்டுமாக்கா?"

ஜெசிந்தா நாலு வருடம் விடுதியில் இருந்தவள். சின்னக்கடை வீதி ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன் அய்யலூரில் மாப்பிள்ளை வீட்டில் அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது பெண்வீட்டு வரிசையில் முதல் ஆளாக நின்றது வேதவல்லிதான். அவளுக்கு ழகரம் வராது. பேச்சுக்கு நடுவில் மூச்சை ஒருமுறை இழுத்துவிடுவாள். இரண்டும் அப்படியே வந்திருந்தன. அடப் பாவிகளா, அச்சு அசலாகச் செய்திருக்கிறார்களே என்று வேதவல்லி வியந்தாள்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க உனக்கு. வேற எடம் பாரு போ."

சிவப்பை அமுக்கினாள். இந்த முறை விரல் தயங்கவே இல்லை. இவ்வளவு கஷ்டமான கேள்விக்கே பதில் எழுதிவிட்டோம், இனி பாஸ்தான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட எழுந்தது.

முப்பதாம் நாள் சான்றிதழ் வந்தது. 'வாழ்த்துகள். உங்களுக்கு அனுப்பப்பட்ட சோதனைகள் 21. நீங்கள் வென்றவை 21. இன்று முதல் நீங்கள் வளையத்துக்கு வெளியே.' வேதவல்லி துறையூர்க்காரருக்கு அதை அனுப்பி வைத்தாள். பாப்பாத்தி கேசரி கிளறினாள். அஞ்சறைப்பெட்டிக்கு அடியிலிருந்த தாள்களைத் தூக்கிப் போடலாம் என்று எடுத்தபோது, சும்மா ஒரு ஆசைக்குக் கோடுகளை எண்ணினாள்.

இருபத்திரண்டு.

மறுபடி எண்ணினாள். பாப்பாத்தியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள். அவளுக்கும் இருபத்திரண்டுதான் வந்தது.

"ஒண்ணை ரெண்டு தடவ கிழிச்சிருப்பீங்கக்கா."

வேதவல்லி காப்பின் உதவி எண்ணுக்குப் போட்டாள். "சோதனையில் வென்றதற்கு வாழ்த்துகள். கொண்டாட ஒன்றை அமுக்கவும்" என்றது குரல். அதிகாரியிடம் பேச வேண்டும் என்றாள். "உங்கள் மகிழ்ச்சியைப் பகிர இரண்டை அமுக்கவும்" என்றது. போனைக் கட்டிலில் வீசினாள். உடனே அதையும் தாள்களையும் அள்ளிக்கொண்டு, ஆட்டோ பிடித்துக் கண்டோன்மென்ட் போனாள்.

சகாயராஜ் பட்டியலைத் தேதிவாரியாகப் படிக்க, வேதவல்லி கிழித்த தாள்களோடு ஒத்துப் பார்த்தாள். இருபத்து மூன்றாம் நாளின் தாளில் கோடு இருந்தது. அவர் பட்டியலில் அந்த நாளே இல்லை.

"அன்னிக்கு நாங்க எதுவும் அனுப்பலயேம்மா." அவர் வேறொரு பக்கத்தைத் திறந்தார். இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இது நிஜ நம்பரு."

"நிஜ நம்பர்னா?"

"அந்தச் சிவப்புப் பட்டன் சோதனைக்குன்னு தனியா வெச்சது இல்லம்மா. எல்லாருக்கும் இருக்குற அதே புகார் பட்டன்தான். எங்க போலி நம்பர் மேல அமுக்குனா ஒண்ணும் ஆகாது. இது நிஜம்கிறதால, மோசடி எண்ணுன்னு உங்க புகார் பதிவாகி இருக்கு. வளையத்துல இருக்குறவங்க குடுக்குற புகாருக்கு மதிப்பு ஜாஸ்தி. ஒரே புகார்ல நம்பர் சிவப்பாயிடும்."

"சிவப்பானா?"

"யாருக்குக் கூப்பிட்டாலும் 'மோசடி'ன்னு காட்டும். பாதிப் போன்ல மணியே அடிக்காது. அந்த நம்பர்லேருந்து பணம் அனுப்ப முடியாது."

"அப்ப அவ திரும்பக் கூப்பிட்டிருந்தா?"

சகாயராஜ் மேஜையைப் பார்த்துக்கொண்டார். "வந்திருக்காதும்மா."

ஏழு நாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏழு நாள். வேதவல்லி தன் போனை எடுத்து அந்த நம்பருக்குப் போட்டாள். 'உங்கள் பாதுகாப்புக்காக இந்த அழைப்பு நிறுத்தப்பட்டது' என்று திரையில் வந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான். "உங்க போனைக் குடுங்க சார்" என்று அவருடையதைக் கிட்டத்தட்டப் பிடுங்கினாள். அதிலும் அதே வாசகம்.

"என் பாதுகாப்புக்கு நான் கேட்டேனா? யோவ், என் பாதுகாப்புக்கு நான் கேட்டேனாய்யா?"

வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சகாயராஜ் எழுந்து கதவைச் சாத்தினார். ஜெசிந்தா யார், என்ன சொன்னாள் என்பதையெல்லாம், வராத ழகரம் வரைக்கும், வேதவல்லி அவரிடம் கொட்டினாள்.

"புகாரை நீங்க வாபஸ் வாங்கலாம். உடனே பச்சையாயிடும். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. மோசடின்னு சொன்ன ஒருத்தர் பின்னாடி வாபஸ் வாங்குனா, அவரை யாரோ மனசு மாத்திட்டாங்கன்னுதான் காப்பு எடுத்துக்கும். நீங்க மறுபடி வளையத்துக்குள்ள போயிடுவீங்க. இந்தத் தடவை ஒரு வருஷம். சோதனை எழுதக்கூட விட மாட்டாங்க." அவர் தயங்கினார். "அப்புறம் இன்னொண்ணும் சொல்லணும். அது நிஜமாவே திருட்டுக் கும்பலா இருக்கலாம்மா. இப்பல்லாம் ழகரம் வராத மாதிரிகூடப் பேச வைக்கிறாங்க. நீங்க பண்ணது சரியாவே இருக்கலாம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வேதவல்லிக்கு எரிச்சலைக் கிளப்பியது. எதிரே உட்கார்ந்திருந்தவர் கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம். ஒரு வருடம் அந்தத் தேன்குரல் அவளுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தால் இன்னும் எத்தனை அப்பாக்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அது திருட்டுக் கும்பலாக இருந்துவிட்டால், ஏமாளி என்று ஊர் சொன்னது நிஜம் என்றே ஆகிவிடும்.

"எங்க சார் அமுக்கணும்?"

"யோசிச்சு..."

"எங்க அமுக்கணும்னு கேட்டேன்."

அவர் காட்டினார். அவள் அமுக்கினாள். அங்கேயே, அவர் எதிரிலேயே, நம்பரைப் போட்டாள். ஆறு முறை மணி அடித்த பிறகு எடுக்கப்பட்டது. தேன்குரல் தன் அறிவிப்பைச் சொல்லி முடித்தது. பின்னால் ஒரு ஆண் சிரித்தான். "எவடி இது, அரசாங்கமே முட்டாள்னு முத்திரை குத்தி அனுப்பியிருக்கு? ஸ்பீக்கர்ல போடு."

"அக்கா, நல்லாருக்கீங்களா?" என்றாள் ஜெசிந்தா. மூச்சை இழுத்துவிட்டாள். "நான் நல்லாருக்கேன்க்கா. அன்னிக்குத் தெரியாமக் கை பட்டுப் போன் வந்துருச்சு."

பேச்சு தட்டையாக இருந்தது, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது மாதிரி. வேதவல்லியின் கட்டைவிரல் பழக்கத்தில் திரையின் மேல் போய் நின்றது. அதை மடக்கிக்கொண்டாள். 'பத்து விநாடி கடந்துவிட்டது' என்று போன் ஒருமுறை அதிர்ந்தது. முப்பது விநாடியில் இன்னொருமுறை அதிர்ந்தது. அவள் விடுதிக் கதை பேசினாள், பாப்பாத்தி கதை பேசினாள், தர்பூசணி விலை பேசினாள். மூன்று நிமிடமானதும் அந்த ஆண்குரல் சலித்துப்போய் எங்கோ நகர்ந்தது. டிவி சத்தம் கேட்டது.

"கொழந்தைக்கு ஊசியெல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டாள் வேதவல்லி.

"நாளைக்குத்தான்க்கா. பத்து மணிக்கு நம்ம ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல." குரல் இன்னும் இறங்கியது. "நான் மட்டுந்தான் போவேன்."

"சரிம்மா. ஊசி போட்டா காய்ச்சல் வரும். துணிமணி ரெண்டு ஜாஸ்தி எடுத்துக்க."

"சரிக்கா," என்றாள் ஜெசிந்தா.

மொத்தம் பதினேழு நிமிடம் பேசினார்கள். சகாயராஜ் அதுவரை அடுத்த டோக்கனைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை வேதவல்லி பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ் ஏறி ஒன்பதே முக்காலுக்கு அய்யலூரில் இறங்கினாள். சுகாதார நிலைய வேப்பமரத்தடியில் ஜெசிந்தா குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். இடது முழங்கையில் மஞ்சள் பூத்த பழைய காயம் ஒன்று தெரிந்தது. பையில் துணிகள் பிதுங்கின. வேதவல்லியைப் பார்த்ததும் அவள் எழுந்து வரவில்லை. ஊசி போட்டு முடித்து, அழுத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு அவளே முன்னால் நடந்தாள்.

பஸ் கிளம்பிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"நீங்க வெச்சப்புறம் எங்கம்மாவுக்குப் போட்டேன். போகல. கடை மேடத்துக்குப் போட்டேன். எடுத்தவங்க, மோசடி நம்பரு, போலீஸ்ல சொல்லிடுவேன்னாங்க. போன்ல காசு இருந்தும் பஸ் டிக்கெட் எடுக்க முடியல. அஞ்சு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே உட்கார்ந்திருந்தேன். அவரே வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு." முழங்கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். "எங்க போனாலும் யாரும் சேர்த்துக்க மாட்டாங்கன்னு அவரு சொல்லிட்டே இருப்பாரு. அன்னிக்கு அது நெசமாத் தெரிஞ்சுச்சுக்கா."

வேதவல்லி சோதனையைப் பற்றிச் சொன்னாள். வளையம், போலிக் குரல்கள், பத்து விநாடி, இரண்டு அப்பாக்கள், தம்பி குரல், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கேவலமாகப் பட்டது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டாள்.

"எல்லாம் சரிக்கா. அது ஏதோ மெஷினு. ஆனா, நாலு வருஷம் உங்க வீட்டுல இருந்தேன். என் குரல் உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுடி," என்றாள் வேதவல்லி. "அப்படியே உன் குரலா இருந்துச்சு. அதனாலதான் வெச்சேன்."

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணப்பாறை வரும்வரை திரும்பவே இல்லை. அங்கே கூட்டம் ஏறி நெருக்கியபோது, தூங்கிப்போன குழந்தையை மட்டும் எடுத்து வேதவல்லியின் மடியில் கிடத்தினாள்.